முதல் செருப்புக்குப் புள்ளையைக் கூட்டிட்டு வாங்க

செருப்புக் கடையில் மற்றவர்கள் வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்து வியாபாரம் செய்கிறார்கள். குழந்தைகள் பகுதியில் இருக்கிற நான் உள்ளங்காலைப் பார்த்து, அவ்வப்போது உதையும் வாங்கிக்கொண்டு வியாபாரம் செய்கிறேன்.

ஒன்றேகால் வயதுப் பிள்ளைக்கு ஒரு தடவையாவது ஷூ மாட்டிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நாம் ஷூவைக் கையில் எடுத்ததுமே விரல்களைச் சுருட்டி வைத்துக்கொள்ளும். விரலைப் பிரித்தால் முட்டியை விறைக்கும். முட்டியை மடக்கினால் வாயைத் திறக்கும். கடையில் இருக்கிற அத்தனை பேரும் நான் என்னவோ கிள்ளிவிட்ட மாதிரி திரும்பிப் பார்ப்பார்கள். உங்கள் வீட்டில் ஒரு பிள்ளைக்கு நீங்கள் பட்ட பாட்டை, நான் காலையில் கடை திறந்ததிலிருந்து ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் படுகிறேன்.

காரைக்கால் கடைத்தெருவில் எங்கள் கடை. வாசலைத் தாண்டியதும் இடது பக்கம் ஒரு குட்டை அலமாரி இருக்கும். பெரியவர்கள் குனிந்தால்தான் அதில் இருப்பது தெரியும். அதுதான் என் ராஜ்ஜியம். பங்குனிக் கடைசியில் ஒரு நாள் முதலாளி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதன் முன்னால் வந்து நின்றார். “விஜி, சனிக்கிழமையானா திருநள்ளாறு கூட்டம் ரப்பர் செருப்புக்கு வந்து நிக்குது. அடுக்கி வைக்க எடமில்ல. இது எடத்த அடைச்சுக்கிட்டு நிக்குது. பள்ளிக்கூடம் தொறக்கிற வரைக்கும் பாப்பேன். வியாபாரம் ஓடலன்னா எடுத்துடுவேன்” என்றார்.

அலமாரியை எடுத்தால் என்னையும் எடுத்த மாதிரிதான். ஆண்கள் பகுதியில் சேகர் அண்ணனும் பெண்கள் பகுதியில் இரண்டு பேரும் ஏற்கெனவே ஆள் வராத நேரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். என்னை எங்கே கொண்டுபோய் வைப்பார்? வேறு கடை வேலை என்றால் நாகப்பட்டினத்துக்கு பஸ் ஏற வேண்டும். என் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் வீட்டில் இருக்க முடியாது. அந்தக் கோடை முழுக்க விற்ற ஜோடிகளை எண்ணிக்கொண்டேதான் இருந்தேன். அந்த நாட்களில் நடந்தவற்றில் சிலவற்றைத்தான் சொல்கிறேன்.

வலை நரம்பில் ஒரு கால்

எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குச் செருப்பு வாங்கப் பிள்ளையைக் கூட்டிவருகிற வழக்கம் பாதிப் பேருக்குக் கிடையாது. அளவை மட்டும் கொண்டுவருவார்கள். கிராமத்துப் பக்கமிருந்து வருகிறவர்கள் ஈர்க்குச்சியை ஒடித்து எடுத்து வருவார்கள். ஆபீஸ் போகிறவர்கள் பேப்பரில் காலை வைத்து வரைந்து, அதைப் போட்டோ எடுத்து, போனை நீட்டுவார்கள். அதில் தெரியாமல் நம் விரல் பட்டுவிட்டால் போதும், பச்சைக் குழந்தையின் கால் போலீஸ்காரர் கால் அளவுக்கு விரிந்துவிடும். அதனால் “புள்ளையக் கூட்டிட்டு வாங்க” என்பதை நான் வணக்கம் சொல்வதைவிட அதிகம் சொல்கிறேன்.

மீன்பிடித் தடைக்காலத்தில் கடலுக்குப் போகாத அப்பாக்கள் கடைத்தெருவுக்கு வருவார்கள். கிளிஞ்சல்மேட்டிலிருந்து வந்த ஒருவர் சட்டைப் பையிலிருந்து வலை பின்னுகிற நைலான் நரம்பு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். இரண்டு முடிச்சு. ஒன்று குதிகாலாம், இன்னொன்று பெருவிரலாம். “எப்பண்ணே அளந்தீங்க?” என்றேன். “தூங்கறப்பதாம்மா. முழிச்சிருந்தா காலக் குடுப்பானா அவன்?” என்றார். படுத்திருக்கிற கால் வேறு, நிற்கிற கால் வேறு. நின்றால் உடம்பின் பாரம் இறங்கிக் கால் நீளும், அகலும். அதுவும் நாள் முழுக்க ஓடியாடின பிறகு சாயங்காலத்தில் கொஞ்சம் பூரித்திருக்கும். சாயங்காலம் அளந்து வாங்கினால்தான் காலையிலும் மாலையிலும் கடிக்காது. சொன்னதும் நரம்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான், எதிர்க்கடைக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன்.

வெயில் தாழ்ந்ததும் மகனை பைக்கில் முன்னால் உட்காரவைத்துக் கூட்டிவந்துவிட்டார். விரலிடுக்கெல்லாம் மணல். முன்பக்கம் நன்றாக விரிந்த பாதம். அப்பாவின் கண், விளக்கு மின்னுகிற விலை கூடிய ஷூவில் இருந்தது. அதைப் போட்டுப் பார்த்தால் பையனின் சுண்டுவிரல் ஒரு பக்கமாக நசுங்குகிறது. “அண்ணே, மணல்ல ஓடறதுக்கு இவனுக்கு ஒண்ணும் வேணாம். சிப்பி, முள்ளு இல்லாத எடமாப் பாத்து வெறுங்காலோட விடுங்க. ரோட்டுக்கு வர்றப்ப சூடு தாங்க இந்தப் பட்டை செருப்பு போதும், முன்னாடி அகலமா இருக்கு. ஷூ இப்ப வேணாம்” என்றேன். அவர் சந்தோஷமாகக் குறைந்த விலைச் செருப்பை வாங்கிக்கொண்டு போனார். கல்லாவிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: “விஜி, நீ நம்ம கடையில வேல பாக்குறியா, இல்ல எதிர்க்கடையிலயா?”

வளர்ற புள்ள

இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குத் தலைவலி வந்துவிடும். காலுக்குச் சரியாக இருக்கிற செருப்பைப் போட்டு, பெருவிரலுக்கு முன்னால் என் சுண்டுவிரல் அகலம் இடம் விட்டுக் காட்டினால், “வளர்ற புள்ளதானே, ரெண்டு சைஸ் பெருசாக் குடுங்க” என்பார்கள். மிச்ச இடத்தில் பஞ்சு அடைத்துக்கொள்வார்களாம். தலையணையா அது?

அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிற கணவனும் மனைவியும் பெண் குழந்தையோடு வந்தார்கள். கணவருக்கு இரண்டு சைஸ் பெரியது வேண்டும், அடுத்த வருஷம்வரை வர வேண்டும். நான் அவர் கேட்டதையே மாட்டி, குழந்தையைத் தரையில் விட்டேன். செருப்பு நின்ற இடத்தில் நின்றது, குழந்தை மட்டும் முன்னால் போய்க் குப்புற விழுந்தது. அடி படவில்லை, கோபம்தான். பிறகு சரியான அளவை மாட்டினேன். நடந்துபோய் சேகர் அண்ணனின் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றது. நடக்கப் பழகுகிற பிள்ளைக்கு வளரப்போகிற காலுக்கு வாங்கக் கூடாது, இன்றைக்கு இருக்கிற காலுக்குத்தான் வாங்க வேண்டும். சில மாதத்தில் சின்னதாகிவிடும் என்பதால்தான் விலை குறைந்ததாக எடுக்கச் சொல்கிறேன் என்று விளக்கினேன்.

கணவர் அப்போதும் இறங்கி வரவில்லை. “எங்க வீட்ல எல்லாருக்கும் பெருசாத்தான் எடுப்பாங்க. நாங்கல்லாம் வளரலையா?” என்றார். மனைவி அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: “கல்யாணத்துக்கு இவருக்குத் தச்ச கோட்டும் அப்படித்தாங்க. வளருவாருன்னு எங்க மாமியார் பெருசாத் தைக்கச் சொன்னாங்க. இன்னும் தொளதொளன்னுதான் கெடக்கு.”

பீப்பீ செருப்பு

மிதிக்கும்போதெல்லாம் கீச் கீச் என்று கத்துகிற செருப்பைக் கண்டுபிடித்தவர் கையில் கிடைத்தால் ஒரு நாள் முழுக்க எங்கள் கடையில் உட்காரவைப்பேன். ஒரு பிள்ளை போட்டுப் பார்த்தால் இருக்கிற பிள்ளைகளெல்லாம் அதையே கேட்டு அழும். சேகர் அண்ணன் அந்தச் சத்தம் கேட்டாலே டீ குடிக்கப் போய்விடுவார்.

நெடுங்காட்டுப் பக்கமிருந்து ஓர் அம்மா நடக்க ஆரம்பித்த மகனோடு வந்தார். வயல் வேலை செய்கிற குடும்பம். ஒவ்வொரு பீப்பீ செருப்பாக எடுத்துக் குதிகாலை அமுக்கிக் காதருகே வைத்துப் பார்த்தார். சத்தம் குறைவாக இருப்பதைத் தேடுகிறார் என்று நினைத்து, அந்த ஊதலைப் பிடுங்கிவிடலாம் என்று சொன்னேன். அவருக்கு வேண்டியது எல்லாவற்றிலும் பெரிய சத்தம். விடுவேனா நான்? இந்தக் காசுக்குச் சத்தம் போடாத நல்ல செருப்பே கிடைக்கும், சத்தத்துக்காகவே பிள்ளை தொம் தொம்மென்று மிதித்துப் பழகும், வீட்டில் இருக்கிறவர்கள் காது என்ன ஆகும் என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். வீட்டுக்குக் கொல்லைப்புறமே வாய்க்காலாம். கீற்றுத் தடுப்பு கட்டியிருக்கிறார்களாம், ஆனால் அவன் எதில் நுழைவான் என்று சொல்ல முடியாதாம். தண்ணீர் வரப்போகிற சமயம். நான் இருப்பதிலேயே சத்தமானதில் அவன் காலுக்குச் சரியானதைத் தேடி மாட்டினேன். அவன் கடை முழுக்கக் கீச் கீச் என்று சுற்றினான். அம்மா முகம் மலர்ந்துவிட்டது. வெளியே போகும்போது என் கையைத் தொட்டுச் சொன்னார்: “சத்தம் கேக்குற வரைக்கும் நான் அடுப்படியில நிம்மதியா இருப்பேன் அக்கா. சத்தம் நின்னாதான் போட்டது போட்டபடி ஓடணும்.”

அத்தை கொண்டுவந்த பூட்ஸ்

எங்கள் ஊரில் பிரான்சில் சொந்தக்காரர் இல்லாத தெரு குறைவு. ஒரு வீட்டில் அத்தை லீவுக்கு வந்தபோது மருமகனுக்கு முதல் ஷூ கொண்டுவந்திருக்கிறார். கணுக்கால்வரை ஏறுகிற தோல் பூட்ஸ், உள்ளே கம்பளி, வரிசையாகக் கயிறு. பனியில் நடப்பதற்கு அருமையானது. நம் சித்திரை வெயிலில் அதைப் போட்டால் கால் வெந்துவிடும்.

குழந்தையின் அம்மா அந்த பூட்ஸைப் பையில் போட்டு எடுத்து வந்திருந்தார். அடிப்பாகத்தை வளைத்துப் பார்த்தேன், வளைவேனா என்றது. முதல் செருப்பு கையால் மடக்கினால் முன்பக்கம் மடங்க வேண்டும், குதிகால் பக்கம் மட்டும் கெட்டியாக இருக்க வேண்டும். வெல்க்ரோ வைத்த, காற்றுப் போகிற துணிச் செருப்பு ஒன்றை எடுத்துக் காட்டினேன். விலையைப் பார்த்து அவர் கொஞ்சம் சந்தேகப்பட்டார், இவ்வளவு குறைவாக இருக்கிறதே என்று. மாட்டிய உடனே பிள்ளை குதிக்க ஆரம்பித்தது. சந்தேகம் போய்விட்டது. பில் போட்ட பிறகு பூட்ஸை மறுபடி பத்திரமாகத் துடைத்துப் பையில் வைத்தார். “அத ஏங்க சொமக்கிறீங்க, யாருக்காவது குடுத்துடலாமே?” என்று கேட்டுவிட்டேன். பதறிப்போய்ச் சொன்னார்: “ஐயய்யோ, ஞாயித்துக்கெழமைதோறும் அத்தை வீடியோல கூப்புடுவாங்க. நடக்கறதுக்கு இது, அவங்களுக்குக் காட்டறதுக்கு அது!”

சனி விட்ட செருப்பு

சனிக்கிழமையில் மட்டும் நான் முதலாளி கண்ணில் படாமல் இருக்கப் பார்ப்பேன். திருநள்ளாற்றில் குளித்துவிட்டுப் பழைய துணியையும் செருப்பையும் அங்கேயே விட்டு வருகிறவர்கள் உண்டு. பீடை அதோடு ஒழிந்தது என்று நம்பிக்கை. வெறுங்காலோடு பஸ்ஸிலிருந்தும் வேனிலிருந்தும் இறங்கி, சுடுகிற ரோட்டில் தத்தித் தத்தி எங்கள் கடைக்கு வருவார்கள். ரப்பர் செருப்பு சுண்டல் மாதிரி விற்கும். அன்றைக்கெல்லாம் முதலாளி என் அலமாரியை ஒரு பார்வை பார்ப்பார். வேண்டாத விருந்தாளியைப் பார்க்கிற பார்வை.

அப்படி ஒரு சனிக்கிழமை கோயம்புத்தூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று வந்தது. கணவனுக்கும் மனைவிக்கும் காலில் செருப்பில்லை, அது புரிந்தது. இடுப்பில் இருந்த குழந்தைக்கும் இல்லை. விசாரித்தால், கணவர் தன் பழைய செருப்பை விட்டபோது பக்கத்தில் வைத்திருந்த பையையும் சேர்த்து விட்டுவிட்டு வந்திருக்கிறார். பைக்குள் குழந்தைக்கு முந்தின வாரம்தான் வாங்கிய முதல் ஷூ. மனைவி திரும்பிப் போய் எடுக்கலாம் என்றதற்கு, விட்டதை எடுத்தால் சனியும் கூடவே வந்துவிடும் என்று அவர் ஒரே பிடிவாதமாக மறுத்துவிட்டாராம். குழந்தை முதல் ஷூ போட்டு நடப்பதை ஊரில் யாருக்கும் காட்டக்கூட இல்லை என்று அந்தப் பெண் அழாத குறை. குழந்தைக்கு அளவு பார்த்து ஒரு ஜோடி போட்டு விட்டேன். கடையிலேயே நாலு எட்டு நடக்கவைத்து வீடியோ எடுத்துக்கொண்டார்கள். கணவர் மட்டும் நிம்மதியாக இருந்தார். “எப்படியோ, இனிமே எல்லாம் நல்லா நடக்குமுங்க” என்று முதலாளியிடமும் சொன்னார். மனைவி குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னார்: “ஆமாங்க, செருப்போட சனி போயிருச்சு. இவரு மட்டும் கூடவே வந்துட்டாருங்க.”

ஆசாரி வந்த நாள்

பள்ளிக்கூடம் திறந்தது. பெரிய பிள்ளைகளின் கறுப்பு ஷூ நன்றாக ஓடியது. அதெல்லாம் சேகர் அண்ணன் கணக்கில் போய்ச் சேர்ந்தது. என் அலமாரி முதலாளி எதிர்பார்த்த அளவுக்கு ஓடவில்லை. அவர் கணக்கில் பொய் சொல்லவில்லை, கோபப்படவும் இல்லை. “நானும் பாத்துட்டேன் விஜி” என்று மட்டும் சொன்னார். அடுத்த நாள் ஆசாரி வந்தார், கையில் சுத்தியும் ஆணி பிடுங்குகிற கம்பியும். மேல்தட்டில் இருந்த செருப்புகளை நானேதான் பெட்டியில் எடுத்து வைத்தேன். கை வேலை செய்தது, கண் மறைத்தது. சேகர் அண்ணன் உதவிக்கு வந்து, பெட்டிக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துப் பட்டினச்சேரியிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி. பையனுக்கு ஒரு வயது தாண்டிச் சில மாதம் ஆகிவிட்டது, இன்னும் நடக்கவில்லை. டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது, பொறுங்கள் என்று சொல்லிவிட்டாராம். ஷூ போட்டுவிட்டால் நடப்பான் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்களாம். “எந்த ஷூவா இருந்தாலும் பரவாயில்லக்கா, வெல கூடன்னாலும் குடுங்க” என்றது அந்தப் பெண். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, எத்தனை பேர் வாயில் புகுந்து புறப்பட்டிருக்கிறாள் என்று. முதலாளி கல்லாவிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி நாளில் ஒரு பெரிய வியாபாரம்; மாட்டிவிட்டு அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்?

மனசு வரவில்லை. “நடக்கவைக்கிற ஷூன்னு ஒண்ணு கெடையாதும்மா. கெட்டியா ஒண்ண மாட்டினா இன்னும் தடுமாறுவான். கீழ விடறீங்களா இவன?” என்றேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கூட்டுக் குடும்பம், வீடு நிறைய சித்தியும் அத்தையும், ஒரு இடுப்பிலிருந்து இன்னொரு இடுப்புக்குப் போவானே தவிர தரைக்கு வந்ததே இல்லையாம். வெறுங்காலோடு அலமாரி முன்னால் உட்காரவைத்தோம். கீழ்த்தட்டில் இன்னும் எடுக்காத செருப்புகள், சிவப்பும் மஞ்சளுமாக. ஒன்றை இழுத்தான். வாயில் வைத்தான். அடுத்தது கொஞ்சம் மேலே இருந்தது. பலகையைப் பிடித்தான், எழுந்தான். அவன் அம்மா ஒரு சத்தம் போடப்போனாள், நான் கையைப் பிடித்து அமுக்கினேன். பலகையைப் பிடித்தபடியே பக்கவாட்டில் ஒரு காலை நகர்த்தினான். இன்னொரு காலையும் நகர்த்தினான். செருப்பு ஒவ்வொன்றாகக் கீழே விழுந்துகொண்டே வந்தது. அந்தப் பெண் அழுதுவிட்டாள். எனக்கும் தாங்கவில்லை. இந்தக் கடையில் நான் இதுவரை செய்த எந்த வியாபாரத்திலும் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை, இத்தனைக்கும் அன்றைக்கு ஒரு செருப்பும் விற்கவில்லை.

அவன் அப்படியே நகர்ந்து நகர்ந்து ஆசாரி குந்தியிருந்த முனைக்குப் போய்ச் சேர்ந்தான். ஆசாரி ஆணிக்கு அடியில் கம்பியைக் கொடுத்திருந்த அதே பலகையில்தான் அவன் கை இருந்தது. முதலாளி, “ம், ஆகட்டும்” என்றார். ஆசாரியிடம் சொன்னாரா, பையனிடம் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆசாரி பையனைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். கம்பியை உருவிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து சொன்னார்: “புள்ள புடிச்சிக்கிட்டு நிக்கிற பலகைய நான் எப்படிப் புடுங்குறது மொதலாளி? நாளைக்கி வர்றேன்.”

அந்த நாளைக்கு இன்னும் வரவில்லை, முதலாளியும் போன் போட்டு நினைவுபடுத்தவில்லை, நானும் எடுத்து வைத்த செருப்புகளை மறுபடி அடுக்கிவிட்டேன். அதனால் ஆசாரிகள் சொன்ன நாளில் வருவதில்லை என்று ஊரே குறைப்பட்டுக்கொள்ளும்போது நான் மட்டும் வாயைத் திறப்பதில்லை.